கடைவாய்ப் பல்லின் மேல் பழி போடாதீர்கள்: பேரப்பிள்ளை வளர்க்கும் பாட்டிமார்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள அம்மாச்சிகளுக்கும் அப்பத்தாக்களுக்கும், ஆச்சிகளுக்கும் அம்மாயிகளுக்கும், அம்மம்மாக்களுக்கும் அப்பம்மாக்களுக்கும், நன்னிமார்களுக்கும்,



பிள்ளைகள் வேலைக்குக் கிளம்பிப் போன பிறகு, வீட்டில் குழந்தையோடு இருப்பவர்கள் நீங்கள். சோறு ஊட்டுவதும் தூங்க வைப்பதும் நீங்கள்தான். உடம்பு சுடுகிறதா என்று கழுத்தில் புறங்கையை வைத்துப் பார்ப்பதும் நீங்கள்தான். டாக்டரிடம் தூக்கிக்கொண்டு ஓட வேண்டுமா, இன்னும் ஒரு நாள் பார்க்கலாமா என்று முதலில் முடிவு சொல்வதும் பல வீடுகளில் நீங்கள்தான். அதனால்தான் இதை உங்களுக்கு எழுதுகிறேன். நான் ஒரு பேத்திக்கு அப்பாயி. குழந்தைகள் வார்டில் செவிலியாக வேலை பார்த்து ஓய்வு பெற்றவள்.

சொல்ல வந்தது இதுதான். கடைவாய்ப் பல் குழந்தைக்கு வலி கொடுக்கும், நோய் கொடுக்காது. அந்த வலியை ஆற்ற உங்கள் கையும் மடியும் பெரும்பாலும் போதும். ஆனால் காய்ச்சலையும் பேதியையும் வாந்தியையும் "பல்லு முளைக்குது, அதான்" என்று ஒதுக்கி வைத்தால், உள்ளே வேறொரு நோய் வளர்ந்துகொண்டே போகும்.

முதல் பல் வரும்போது வீடே கொண்டாடும். யாழ்ப்பாணத்தில் பல்லுக்கொழுக்கட்டை அவித்துப் பிள்ளையின் தலையில் கொட்டி, உறவுக்கெல்லாம் சொல்லி அனுப்புவார்கள். கடைவாய்ப் பல்லுக்கு அப்படி எந்தச் சடங்கும் கிடையாது. அது சிரித்தால் தெரியாது. கன்னத்துக்குள் ஒளிந்து வருகிறது. நேற்று வரை ஓடி விளையாடிய பிள்ளை இன்று காரணமில்லாமல் சிணுங்கும், கடிக்கும், சோற்றைத் துப்பும், ராத்திரி இரண்டு மணிக்கு எழுந்து அழும். என்னவென்று நமக்குப் புரிவதற்குள் இரண்டு நாள் போய்விடும்.

எப்போது வரும் என்று தெரிந்திருந்தால் பாதிப் பதற்றம் குறையும். பால் பற்கள் மொத்தம் 20. முன்பற்கள் 8, கோரைப் பற்கள் 4, கடைவாய்ப் பற்கள் 8. முன்பற்கள் வந்ததும் அடுத்தது பக்கத்துக் கோரைப் பல்தான் என்று பலர் எதிர்பார்ப்பார்கள். பெரும்பாலும் அப்படி நடப்பதில்லை. நடுவில் ஓர் இடத்தைக் காலியாக விட்டுவிட்டு, முதல் கடைவாய்ப் பல் 13 முதல் 19 மாதத்துக்குள் வந்துவிடும். அதன் பிறகே 16 முதல் 23 மாதத்துக்குள் கோரைப் பல். கடைசியாக வரும் இரண்டாவது கடைவாய்ப் பல்லுக்கு 23 முதல் 33 மாதம் வரை ஆகும். ஒன்றிரண்டு மாதம் முன்பின்னாக இருந்தால் கவலைப்பட ஒன்றுமில்லை. மூன்று வயதில் இருபதும் வந்திருக்கும்.

வாயைப் பார்க்கும் முறையைச் சொல்கிறேன். கையைச் சோப்புப் போட்டுக் கழுவி, நகத்தை ஒட்ட வெட்டிக்கொள்ளுங்கள். வெளிச்சமான இடத்தில் உட்கார்ந்து, குழந்தையின் தலை உங்கள் மடியிலும் கால் எதிரே இருப்பவர் மடியிலும் இருக்கும்படி மல்லாக்கக் கிடத்துங்கள். ஆள்காட்டி விரலைக் கன்னத்தின் உட்பக்கமாக விட்டு, முன்பல் வரிசையைத் தாண்டிப் பின்னால் மெல்லத் தடவுங்கள். பல் வரப்போகும் இடத்தில் ஈறு அகலமாகப் புடைத்து வழவழப்பாக இருக்கும். இன்னும் சில நாளில் அங்கே அரிசி முனை போல ஒன்று விரலில் தட்டும். அதுதான் கடைவாய்ப் பல்லின் ஒரு மூலை. முன்பல் ஒரே விளிம்பாக எட்டிப் பார்க்கும். கடைவாய்ப் பல் அப்படியல்ல, அதன் மூலைகள் ஒவ்வொன்றாக வெளியே வரும். நடுவில் கொஞ்சம் ஈறு பாலம் போட்டது மாதிரி சில நாள் நிற்கவும் செய்யும். அதில் சோற்றுப் பருக்கை மாட்டினால் ஈரத் துணியால் துடைத்து எடுத்தால் போதும்.

சில குழந்தைகளுக்குப் பல் வரும் இடத்தில் ஈறு நீலம் பாரித்துக் கொப்புளம் போல வீங்கியிருக்கும். பார்த்தால் பயமாகத்தான் இருக்கும். பல்லைச் சுற்றியிருக்கும் உறைக்குள் நீரோ ரத்தமோ சேர்வதால் வருவது அது. பெரும்பாலும் பல் வெளியே வந்ததும் தானே வடிந்துவிடும். நகத்தால் கீறவோ ஊசியால் குத்தவோ கூடாது. சீழ் வைத்தாலோ வீக்கம் பரவினாலோ பல் டாக்டரிடம் காட்டுங்கள்.

இனி வலியை ஆற்றும் வழிகள். கழுவிய விரலால் அந்த ஈற்றை ஒன்றிரண்டு நிமிடம் மெல்ல அழுத்தித் தேய்த்துவிடுங்கள். முதலில் தலையைத் திருப்பும் பிள்ளை, கொஞ்ச நேரத்தில் தானே வாயைத் திறந்து கொடுக்கும். சுத்தமான பருத்தித் துணியைக் கொதித்து ஆறிய தண்ணீரில் நனைத்துப் பிழிந்து, ஃபிரிட்ஜில் சிறிது நேரம் வைத்துக் கடிக்கக் கொடுங்கள். கடிப்பதற்கென்று கடையில் விற்கும் ரப்பர் வளையத்தையும் ஃபிரிட்ஜின் கீழ்த்தட்டிலேயே வையுங்கள். மேலே ஐஸ் பெட்டியில் வைத்தால் கல்லாகி, ஏற்கெனவே நொந்துபோன ஈற்றைப் புண்ணாக்கும். மரப்பாச்சியை வாயில் வைத்துச் சப்பி வளர்ந்த தலைமுறை நம்முடையது. சாயம் பூசாத, விரிசல் இல்லாத மரப்பாச்சி கழுவிக் கொடுக்க ஏற்றதே. வண்ணம் அடித்துக் கடையில் தொங்கும் பொம்மை வேண்டாம்.

எச்சில் வடிந்து வடிந்து மோவாயும் கழுத்து மடிப்பும் சிவந்து போகும். அடிக்கடி அழுத்தித் துடைக்காமல், மெல்லிய துணியால் ஒற்றி எடுத்து, தேங்காய் எண்ணெய் லேசாகப் பூசிவிடுங்கள். நனைந்த சட்டையை உடனே மாற்றுங்கள்.

சாப்பாட்டில் பிடிவாதம் வேண்டாம். பின் ஈறு நோகும்போது மெல்லச் சொன்னால் பிள்ளை என்ன செய்யும்? தயிர் சாதத்தை நன்றாகக் குழைத்து ஆறவைத்துக் கொடுங்கள். கேழ்வரகுக் கூழ், மோரில் ஊறிய இட்லி, மசித்த வாழைப்பழம், அவித்து மசித்த சர்க்கரைவள்ளிக் கிழங்கு எல்லாம் இறங்கும். காரமும் புளிப்பும் சூடும் இரண்டு நாள் தள்ளி இருக்கட்டும். ஊட்டும்போது ஸ்பூனை நாக்கின் முன்பக்கத்தோடு நிறுத்துங்கள். பின் ஈற்றில் இடித்துவிட்டால் அடுத்த வாய்க்கு உதட்டை இறுக்கிக்கொள்ளும். தாய்ப்பால் குடிக்கும் பிள்ளையென்றால், "பல்லு வந்துட்டுது, பாலை மறக்கடி" என்று மருமகளை நெருக்காதீர்கள். இரண்டு வயது வரையும், விரும்பினால் அதற்கு மேலும் கொடுக்கலாம் என்றுதான் உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. வலியில் தவிக்கும் பிள்ளைக்கு அதைவிடப் பெரிய ஆறுதல் இல்லை. கடித்தால், வாயின் ஓரத்தில் சுண்டுவிரலை விட்டு மெல்ல விடுவித்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

கடித்துப் பழகட்டும் என்று பச்சைக் கேரட், ஆப்பிள் துண்டு, முறுக்கு, வேர்க்கடலை கொடுப்பதை நிறுத்திவிடுங்கள். கடைவாய்ப் பல் முழுதாக வராத பிள்ளைக்குக் கடிக்கத் தெரியும், அரைக்கத் தெரியாது. கடித்த துண்டு நேராகத் தொண்டைக்குப் போய் மூச்சுக்குழாயை அடைத்துவிடும். முருங்கைக்காய், மாங்கொட்டை கொடுத்தாலும் நிமிர்ந்து உட்காரவைத்து, பக்கத்திலேயே இருந்து பார்த்துக்கொள்ளுங்கள். நாரும் விதையும் எப்போது பிரிந்து வாய்க்குள் போகும் என்று சொல்ல முடியாது.

கையிலும் கழுத்திலும் கட்டுவது பற்றியும் சொல்ல வேண்டும். வசம்பு கோத்த கயிறோ கருப்புக் கயிறோ மணி மாலையோ, தூங்கும் பிள்ளையின் கழுத்தில் எதுவும் இருக்கக் கூடாது. பல்வலி தீர்க்கும் என்று சொல்லி இணையத்தில் விற்கும் ஆம்பர் மணி மாலையும் அப்படித்தான். அந்த மாலை தூக்கத்தில் இறுகி 18 மாதக் குழந்தை ஒன்று இறந்துபோனதை எடுத்துச் சொல்லி, அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 2018-இல் எச்சரிக்கை விடுத்தது. மணி அறுந்தால் தொண்டையில் சிக்கும் ஆபத்து வேறு.

ஈற்றில் தடவும் மருந்துகளில் இன்னும் கவனம் தேவை. மரத்துப்போகச் செய்யும் பென்சோகெய்ன் கலந்த ஜெல், ரத்தம் பிராணவாயுவைச் சுமக்கும் திறனையே குலைத்துவிடக்கூடும். இரண்டு வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்கு அதைத் தடவ வேண்டாம் என்று அதே நிர்வாகம் 2018-இல் அறிவித்தது. லிடோகெய்ன் கலந்ததும் வேண்டாம். பெரியவர்கள் வாய்ப்புண்ணுக்குத் தடவும் ஜெல்கள் பலவற்றில் சாலிசிலேட் இருக்கும். அது ஆஸ்பிரின் இனத்தைச் சேர்ந்தது, பிள்ளைக்கு ஆகாது. கிராம்புத் தைலம் ஈற்றைப் பொசுக்கும், விழுங்கினால் கல்லீரலைக் கெடுக்கும். பிராந்தியைத் தொட்டு வைக்கும் பழக்கம் எந்த வீட்டிலாவது மிச்சமிருந்தால் இன்றோடு போகட்டும். ஜாதிக்காயை உரைத்து ஊட்டினால் பிள்ளை தூங்குவது உண்மைதான். வலி போய்விட்டதால் வரும் தூக்கமா அது? அளவு கூடினால் மயக்கமும் படபடப்பும் தரும் பொருள் ஜாதிக்காய். தேனைத் தொட்டு ஈற்றில் வைப்பதும், தேனில் தோய்த்த நிப்பிளைச் சப்பக் கொடுப்பதும் முளைக்கும் பல்லுக்கே சொத்தையைக் கூட்டி வரும்.

இவ்வளவும் செய்தும் ராத்திரி அழுகை நிற்கவில்லையென்றால் பாராசிட்டமால் கொடுக்கலாம். அதற்கு அளவு முக்கியம். ஒரு கிலோ எடைக்கு 10 முதல் 15 மில்லிகிராம். இரண்டு வேளைக்கு இடையே குறைந்தது நாலு முதல் ஆறு மணி நேரம். ஒரு நாளில் நாலு தடவைக்கு மேல் கூடாது. பெரிய தவறு நடப்பது பாட்டிலில்தான். சொட்டு மருந்தாக வரும் சின்ன பாட்டிலில் பெரும்பாலும் 1 மில்லியில் 100 மில்லிகிராம் இருக்கும். சிரப்பாக வருவதில் 5 மில்லிக்கே 120 அல்லது 125 மில்லிகிராம்தான். 5 மில்லிக்கு 250 என்று இன்னொரு சிரப்பும் உண்டு. சிரப்புக்கு டாக்டர் சொன்ன "5 மில்லி"யை நினைவில் வைத்துக்கொண்டு சொட்டு மருந்தில் 5 மில்லி ஊற்றினால், பிள்ளை குடிப்பது ஏறக்குறைய நாலு மடங்கு. அது கல்லீரலைத் தாக்கும். ஆகவே டாக்டரிடமோ செவிலியிடமோ பாட்டிலையே கொண்டுபோய்க் காட்டி, "இந்தப் பாட்டிலில், இந்த எடைக்கு, எத்தனை மில்லி?" என்று கேட்டு, பாட்டிலின் மேலேயே எழுதி ஒட்டிவிடுங்கள். இரண்டு நாளுக்கு மேல் மருந்து தேவைப்பட்டால் அது பல்தானா என்று டாக்டர் பார்த்துச் சொல்லட்டும்.

இப்போது முக்கியமான இடத்துக்கு வருகிறேன்.

பல் முளைக்கும்போது பேதியும் காய்ச்சலும் வருவதை நீங்கள் கண்ணால் பார்த்திருக்கிறீர்கள். நீங்கள் பார்த்தது பொய்யில்லை. இரண்டும் ஒரே காலத்தில் வருகின்றன. ஆனால் ஒன்று மற்றொன்றைக் கொண்டுவருவதில்லை. ஆறு மாதம் முதல் மூன்று வயது வரை எந்த நாளை எடுத்தாலும் ஏதோ ஒரு பல் வந்துகொண்டோ வரத் தயாராகிக்கொண்டோ இருக்கும். அதே வயதில்தான் தாயிடமிருந்து கிடைத்த எதிர்ப்புச் சக்தி தீர்கிறது, பிள்ளை தவழ்கிறது, நடக்கிறது, தரையில் கிடப்பதையெல்லாம் எடுத்து வாயில் போடுகிறது. ஈறு நமைச்சலில் கையும் எப்போதும் வாயில். கிருமி உள்ளே போவதற்கு இதற்கு மேல் என்ன வேண்டும்?

அமெரிக்காவின் கிளீவ்லண்ட் கிளினிக் மருத்துவர்கள் 125 கைக்குழந்தைகளின் நிலையை நாள்தோறும் பெற்றோரைக் குறித்துவைக்கச் சொல்லி ஆராய்ந்து, 2000-இல் முடிவை வெளியிட்டார்கள். பல் வெளிவருவதற்கு நாலு நாள் முன்பு தொடங்கி, வந்த மூன்றாம் நாள் வரைதான் தொந்தரவுகள் கூடியிருந்தன. கடிப்பது, எச்சில் வடிவது, ஈற்றைத் தேய்ப்பது, எரிச்சல், காதைத் தேய்ப்பது, முகத்தில் லேசான தடிப்பு, உடம்பில் இளஞ்சூடு ஆகியவை பல்லோடு சேர்ந்து வந்தன. பேதி, வாந்தி, இருமல், கடும் காய்ச்சல் இவை பல்லோடு சேரவில்லை. நீங்கள் மனதில் வைத்துக்கொள்ள வேண்டிய இன்னொன்றும் அதில் கிடைத்தது: பல் முளைக்கும் பிள்ளை கெட்டியான உணவைத்தான் மறுத்தது, நீராகாரத்தை மறுக்கவில்லை. தண்ணீரும் பாலும் வேண்டாம் என்று பிள்ளை முகத்தைத் திருப்பினால், காரணம் பல்லாக இருக்காது.

பல்லின் மேல் பழி போடுவது நம் ஊர்ப் பழக்கம் மட்டுமில்லை. 16-ஆம் நூற்றாண்டில் பிரெஞ்சு அறுவை மருத்துவர் அம்ப்ருவாஸ் பாரே, பல் வெளிவர ஈற்றைக் கத்தியால் கீறிவிடச் சொன்னார். அந்த வழக்கம் ஐரோப்பாவில் நூற்றாண்டுக் கணக்கில் நீடித்தது. இங்கிலாந்தின் 1839-ஆம் ஆண்டு இறப்புப் பதிவேட்டில் ஐயாயிரத்துச் சொச்சம் குழந்தைகளின் சாவுக்குக் காரணம் "பல் முளைத்தல்" என்றே எழுதப்பட்டது. பிறகு பல்வலிப் பொடி என்று பாதரசம் கலந்த பொடியை ஊட்டினார்கள். கையும் காலும் சிவந்து உரிந்து பிள்ளைகள் துடித்தார்கள். 1950-களில் அந்தப் பொடியிலிருந்து பாதரசம் நீக்கப்பட்டதும் அந்த நோயும் அடங்கிப்போனது. எத்தனை பிள்ளைகளைக் கொன்றது தொற்று, எத்தனை பிள்ளைகளைக் கொன்றது மருந்து என்று இன்று யாரால் பிரித்துச் சொல்ல முடியும்? பல் அவர்களில் யாரையும் கொல்லவில்லை.

வார்டில் நான் பார்த்ததையும் சொல்கிறேன். ஒன்றரை வயதுப் பிள்ளையைத் தூக்கி வருவார்கள். கண் குழிந்திருக்கும், உதடு வெடித்திருக்கும். அழும், ஆனால் கண்ணீர் வராது. வயிற்றுத் தோலைக் கிள்ளி விட்டால், சுருங்கியது சுருங்கியபடி நின்று மெல்ல அமரும். "எத்தனை நாளாகப் போகுது?" என்று கேட்டால், "மூணு நாளாச்சு, பல்லு பேதிதானேன்னு இருந்துட்டோம்" என்பார்கள். நடுவில் தொக்கம் எடுத்திருப்பார்கள், குடலேற்றம் தட்டியிருப்பார்கள். சொல்லும் பாட்டியின் முகத்தில் பாசத்துக்குக் குறைவே இருக்காது. அந்த மூன்று நாளில் உப்பு சர்க்கரைக் கரைசலை ஊட்டியிருந்தால், பல பிள்ளைகளுக்கு நரம்பில் ஊசி ஏற்றவே தேவை இருந்திருக்காது.

ஆகவே பல்லையும் நோயையும் இப்படிப் பிரித்து வைத்துக்கொள்ளுங்கள். உடம்பு லேசாகக் கதகதப்பாக இருந்தால் பல்லாக இருக்கலாம். தெர்மாமீட்டரில் 100.4 டிகிரி ஃபாரன்ஹீட்டுக்கு மேல் காட்டினால் அது காய்ச்சல். காரணத்தை வேறிடத்தில் தேட வேண்டும். காய்ச்சல் மூன்று நாள் கொதித்து, விட்டதும் உடம்பெங்கும் சிவப்புப் புள்ளி வந்தால் அது வைரஸ். ஈறு முழுவதும் சிவந்து வீங்கி, தொட்டால் ரத்தம் கசிந்து, நாக்கிலும் உதட்டிலும் புண் இருந்தால் அது ஹெர்பிஸ் கிருமியாக இருக்கலாம். வாய்ப்புண்ணோடு உள்ளங்கையிலும் பாதத்திலும் கொப்புளம் கண்டால் கை, கால், வாய் நோய். காதைப் பிடித்து இழுப்பது கடைவாய்ப் பல்லுக்கும் உண்டு. ஆனால் காய்ச்சலும் சேர்ந்தாலோ காதில் நீர் வடிந்தாலோ அது காதின் நோயாக இருக்கலாம்.

பேதி தொடங்கிய முதல் மணியிலிருந்தே உப்பு சர்க்கரைக் கரைசலான ஓ.ஆர்.எஸ். கொடுங்கள். பொட்டலத்தில் எழுதியிருக்கும் அளவுத் தண்ணீரில், ஒரு லிட்டர் என்றால் முழு லிட்டரில், முழுப் பொட்டலத்தையும் கரைத்து ஸ்பூன் ஸ்பூனாக ஊட்டுங்கள். பழச்சாறு போல இனிப்பாக விற்கும் பானம் அதற்கு ஈடாகாது. ஆறு மாதம் தாண்டிய பிள்ளைக்கு நாளொன்றுக்கு 20 மில்லிகிராம் துத்தநாக மாத்திரையை 14 நாள் கொடுக்க வேண்டும். பேதி நின்றாலும் நிறுத்தக் கூடாது. இரண்டும் ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசமாகக் கிடைக்கும். ஆறு மணி நேரமாகச் சிறுநீர் போகவில்லை, மலத்தில் ரத்தம், குடித்ததெல்லாம் வாந்தி, எழுப்பினாலும் சோர்ந்து விழுகிறது, மூச்சு வாங்குகிறது, வலிப்பு - இதில் ஒன்று தெரிந்தாலும் 108-ஐக் கூப்பிடுங்கள்.

தடுப்பூசியைப் பற்றியும் ஒரு வேண்டுகோள். அரசு அட்டவணைப்படி தட்டம்மை-ரூபெல்லா இரண்டாம் தவணையும் முத்தடுப்பு ஊக்கத் தவணையும் 16 முதல் 24 மாதத்துக்குள் போட வேண்டியவை. கடைவாய்ப் பல் வருவதும் அதே மாதங்களில்தான். "பல்லு முளைச்சு ஆறட்டும், அடுத்த மாசம் போட்டுக்கலாம்" என்று தள்ளாதீர்கள். பல் முளைப்பது தடுப்பூசிக்குத் தடையில்லை.

பல் வெளியே வந்த பிறகும் வேலை முடியவில்லை. கடைவாய்ப் பல்லின் தலையில் பள்ளங்கள் இருக்கின்றன. உணவு அங்கேதான் தங்கும். முளைத்த நாளிலிருந்தே மெல்லிய பிரஷ்ஷில் ஓர் அரிசி அளவு ஃபுளோரைடு பேஸ்ட் வைத்து, காலையும் இரவும் நீங்களே தேய்த்துவிடுங்கள். ராத்திரி பால் பாட்டிலோடு தூங்க விடாதீர்கள். "விழப்போற பல்லுதானே" என்று எண்ண வேண்டாம். முன்பற்கள் ஆறேழு வயதில் விழும். இந்தப் பால் கடைவாய்ப் பற்களோ பத்துப் பன்னிரண்டு வயது வரை நின்று, அரைத்துக் கொடுத்து, அடியில் வரும் நிரந்தரப் பல்லுக்கு இடமும் பிடித்து வைக்க வேண்டியவை.

இன்றைக்கே நாலு காரியம் செய்யுங்கள். வீட்டில் தெர்மாமீட்டர் ஒன்றும் ஓ.ஆர்.எஸ். பொட்டலம் இரண்டும் வாங்கி வையுங்கள். பிள்ளையின் எடையையும் மருந்தின் அளவையும் எழுதி, எல்லோர் கண்ணிலும் படும்படி ஒட்டுங்கள். அலமாரியில் கிடக்கும் பழைய ஜெல்லைக் குப்பையில் போடுங்கள். பக்கத்து வீட்டிலும் பேரப்பிள்ளை வளர்க்கும் பாட்டி இருந்தால் இந்த மடலை வாசித்துக் காட்டுங்கள். பல்லா, நோயா என்று சந்தேகம் வந்தால் நோய் என்றே வைத்துக்கொண்டு பிள்ளையைத் தூக்கிக்கொண்டு கிளம்புங்கள். பல்தான் என்று டாக்டர் சொன்னால் நமக்கு ஒரு நடை வீண், அவ்வளவுதான்.

அன்புடன்,
உங்களைப் போலவே பேத்தி வளர்க்கும் ஓர் அப்பாயி